சோலார் தீர்மானமும் மேட்டுத்தெருக் கையெழுத்தும்

போன வாரம் மலையடிவாரத்து ஊராட்சி ஒன்றிலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். ஊராட்சிச் செயலர் வேலைக்குப் புதிதாக வந்தவன். "அண்ணே, எங்க ஊருக்கும் சோலார் கம்பெனிக்காரங்க வந்துட்டாங்க. ஆட்சேபணை இல்லன்னு கிராம சபைத் தீர்மானம் வேணுமாம். நீங்க இதெல்லாம் பாத்தவரு. மாதிரி ஒண்ணு இருந்தா வாட்ஸப்புல போடுங்கண்ணே. ஊர் பேர மட்டும் மாத்திக்கினு எழுதிட்றேன்" என்றான்.

ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக்கொள்வானாம். வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன். பிறகு உட்கார்ந்து யோசித்தால் கோபம் அவன்மேல் இல்லை. ஊரைக் கேட்காமலே ஊர் சொன்னதாக எழுதலாம் என்று அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ அவர்கள்மேல். அவர்களோடு முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் நான். ஆகவே மாதிரித் தீர்மானத்துக்குப் பதிலாக இதை எழுதுகிறேன்.

பன்னிரண்டாவது தேறாமல் கரும்பு லாரியில் க்ளீனராகப் போக இருந்தவனை அப்போதைய தலைவர் கூப்பிட்டு, "எழுத்து முத்து முத்தா இருக்குதேடா, பஞ்சாயத்துல ஒக்காரு" என்று உட்கார வைத்தார். முதலில் பகுதிநேர எழுத்தர் வேலை, பிறகு செயலர். பயிற்சி என்று யாரும் எதுவும் தரவில்லை. குழாய் உடைந்தால் யாரைக் கூப்பிடுவது, தெருவிளக்கு எரியாவிட்டால் எந்தத் தெருவுக்கு முதலில் கோபம் வரும், வீட்டு வரி கேட்கப் போனால் எந்த வீட்டில் மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் பேச்சை எடுக்க வேண்டும், இவைதான் என் படிப்பு. சட்டப் புத்தகத்தைப் படித்ததைவிட ஜனங்களின் வாயைப் படித்தது ஜாஸ்தி. எங்கள் பக்கத்தில் யார் பேசினாலும் அதில் ஒரு வரியாவது வீட்டுக்கு எடுத்துப்போகலாம். தண்ணீர் வராத நாளில் ஒரு அம்மா என்னிடம், "கொழா நல்லாதாங்க இருக்குது, அதுல வர காத்துதான் கொஞ்சம் உப்புக் கரிக்குது" என்றார். அந்த ஒரு வரிக்காகவே மோட்டாரைத் தூக்கிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு ஓடினேன்.

கிராம சபை எப்படி நடக்கும் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். நோட்டீஸ் ஒட்டுவோம். ஆட்டோவில் மைக் கட்டி அறிவிப்போம். பந்தலில் நாற்காலியும் தார்ப்பாயும் போடுவோம். நாற்காலியில் நிலம் உள்ளவர்கள் உட்காருவார்கள், தார்ப்பாயில் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள். இத்தனை பேர் வந்தால்தான் சபை செல்லும் என்று ஒரு கணக்கு உண்டு. அதை நிரப்புவது எப்போதும் தார்ப்பாய்தான். நாற்காலியை நம்பினால் எந்த ஊரிலும் சபை கூடாது. அதனால் வேலை அட்டை உள்ளவர்கள் எல்லோரும் வரவேண்டும் என்று சொல்லியனுப்புவோம். வந்ததும் கையெழுத்து, எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டு. களை வெட்டப் போகிறவர்களும் ஆட்டை அவிழ்க்கப் போகிறவர்களும் கையெழுத்துப் போட்ட கையோடு கிளம்பிவிடுவார்கள். நாங்களும் தடுப்பதில்லை. கூட்டப் பொருளையெல்லாம் நாற்காலிகளுக்கு வாசிப்போம். தீர்மானத்தைச் சாவகாசமாக ஆபீசில் உட்கார்ந்து எழுதுவோம். எல்லாவற்றுக்கும் ஒரே கடைசி வரி: 'ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது.' சட்டையைக் கிழித்துக்கொண்ட கூட்டத்துக்கும் அதே வரிதான். எல்லா ஊராட்சியிலும் இதுதான் நடைமுறை. எங்கள் ஊராட்சிக்கு மட்டும் தனியாகக் கொம்பு முளைத்திருக்கவில்லை.

எனக்குக் கடைசியாக அதிகாரியாக இருந்த வட்டார வளர்ச்சி அலுவலர், பி.டி.ஓ.வைப் பற்றியும் சொல்ல வேண்டும். மனிதர் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. அறைக்குள் போனால் உட்காரச் சொல்வார். டீ சொல்வார். பிள்ளைகளைப் பெயர் சொல்லி விசாரிப்பார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார். துடைத்து முடித்து, அதை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்க்கும்போதுதான் விஷயம் வரும். அதுவும் உத்தரவாக வராது, கேள்வியாக வரும். "முடிச்சிடலாம்ல?" "எழுதிடலாம்ல?" நாம் ஆமாம் என்றால் நாமே முடிவெடுத்த மாதிரி ஆகிவிடும். கேள்வியை முடித்ததும் தவறாமல் ஒன்று சொல்வார்: "நான் ஒண்ணும் சொல்லல தம்பி." உண்மைதான். அவர் சொன்னதாக எந்தக் காகிதத்திலும் ஒரு வரி கிடையாது. கத்துகிற அதிகாரிகளிடம் நான் பயந்ததில்லை. கத்தி முடித்தால் போய்விடும். இவர் கண்ணாடியைக் கழற்றினால்தான் எனக்குப் பயம்.

நான் ஓய்வு பெற சில மாதங்களே இருந்தபோது சோலார் வந்தது. ஊருக்குக் கிழக்கே ஏரிவரைக்கும் கிடக்கும் விளைநிலம்தான் கீழ்க்கொல்லை. மழையை நம்பி மல்லாட்டை என்கிற நிலக்கடலை, மக்காச்சோளம், உளுந்து. கிணறு இருக்கும் இடத்தில் நெல்லும் கரும்பும். நிலத்துக்காரர்களில் பாதிப்பேர் சென்னையிலும் புதுச்சேரியிலும் இருக்கிறார்கள். பயிர் வைக்கிறவர்கள் இங்கே மேட்டுத்தெருவில் இருக்கிறார்கள், வாய்ப்பேச்சுக் குத்தகையில். கம்பெனிக்காரர்கள் சித்திரை வெயிலில், கொல்லை காய்ந்து கிடக்கும்போது வந்து பார்த்துவிட்டு, பெரும்பாலும் தரிசு என்று எழுதிக்கொண்டு போனார்கள். சித்திரையில் வந்து பார்த்தால் எங்கள் ஊர் ஆட்களே தரிசாகத்தான் தெரிவார்கள்.

அந்தக் கொல்லையில் ஒரு துண்டு தனபாக்கியம் பயிர் வைத்தது. புருஷன் போன பிறகு, புதுச்சேரியில் இருக்கும் ஒருவரின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, மல்லாட்டை போட்டு, நாலு ஆட்டையும் வைத்துக்கொண்டு பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர். கல்லும் முள்ளுமாக இருந்ததைக் கூடையில் பொறுக்கிக் கொட்டிக் கொல்லையாக்கியது அவர் கை. கம்பெனியின் வரைபடத்தில் அந்தத் துண்டு வேலிக்கு உள்ளே இருந்தது. கொல்லைக்குப் போகும் வண்டிப்பாதையும், மழைத்தண்ணீர் ஏரிக்குப் போகும் வரத்து வாய்க்காலும் உள்ளேதான். வேலி மேட்டுத்தெருவின் கொல்லைப்புறச் சுவரை உரசிக்கொண்டு போனது.

சபைக்கு முந்தின நாள் தனபாக்கியம் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். "இன்னாங்க செகரெட்டரி, நாளைக்கி எது எது படிக்கப்போறீங்க?"

நோட்டீசில் இருப்பதைச் சொன்னேன்.

"சோலாரு எப்போ?"

"கடைசியாம்மா."

"கடைசின்னா, நாங்க போனப்பறம்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் நோட்டையும் மைப்பெட்டியையும் மேசையில் வைத்து உட்கார்ந்தேன். மேட்டுத்தெருப் பெண்கள் வந்தார்கள். வரிசையில் முன்னால் தனபாக்கியம். பேனாவை நீட்டினேன். அவர் கையைக் கட்டிக்கொண்டார்.

"மொதல்ல படிங்க. அப்பறம் கையெழுத்து."

"இது வந்ததுக்குத்தாம்மா கையெழுத்து."

"வந்ததுதான் கண்ணுக்குத் தெரியுதே. கேட்டதுக்குப் போட்றோம்."

பின்னால் நின்ற அத்தனை பேரும் கையைக் கட்டியிருந்தார்கள். போய்த் தார்ப்பாயில் உட்கார்ந்துகொண்டார்கள். மேசையில் நோட்டு வெறுமையாகக் கிடந்தது. எங்கள் தலைவர் ஒரு பெண், நல்ல மனுஷி. ஆனால் பேசுவதெல்லாம் அவருடைய கணவர் சேகர்தான். ஊரே அவரைத்தான் தலைவர் என்று கூப்பிடும். அவர் எழுந்து வந்தார்.

"இன்னா தனம், இன்னிக்கி புதுசா சட்டம் பேசற?"

"சட்டம் இன்னாங்க தெரியும் எனக்கு? கண்ணு கம்மியாப் பூடுச்சி, படிக்க முடியல. காது மட்டும் நல்லா இருக்குது. அத்த வெச்சிக்கினு கேட்டுட்டுப் போறோம்."

"களை வெட்டப் போவலியா?"

"களை எங்கயும் ஓடாதுங்க. கொல்லைதான் ஓடிக்கினு இருக்குது."

தார்ப்பாய் முழுக்கச் சிரித்தது. ஒன்றியத்திலிருந்து மேற்பார்வைக்கு வந்திருந்த பற்றாளர் என் காதில், "கையெழுத்து இல்லாம கூட்டம் எப்படிங்க?" என்றார். "அதைத்தான் அவங்களும் கேக்கறாங்க சார்" என்றேன்.

வேறு வழியில்லை. முதல் பொருளிலிருந்து படித்தேன். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் சோலார் வந்தது. ஊருக்கு ஆட்சேபணை இல்லை என்று டைப் அடித்த வாசகத்தைச் சேகர் தயாராகக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அதையும் படித்தேன்.

முதலில் பேசியவர் பலராமன். கீழ்க்கொல்லையில் கிணற்றோடு நிலம் உள்ளவர். அவர் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. "எம் புள்ளைங்க ரெண்டு பேரும் மண்ணுல கால் வெக்க மாட்டன்றானுங்க. பன்னி தொல்ல. ஆள் கெடைக்கல. சோலார் கண்ணாடின்னா களை எடுக்கத் தேவல, பன்னி தின்னாது, மழை பெய்யலன்னு அழுவத் தேவல. என் நெலம், நான் கண்ணாடி வெப்பேன், கத்திரிக்கா வெப்பேன். இதுல பஞ்சாயத்துக்கு இன்னா வேல?"

"நெலம் ஒங்களுதுதாங்கய்யா" என்றார் தனபாக்கியம். "ஒங்க நெலத்துல பெய்யற மழ எங்கங்க போவுது? வாய்க்கால் வழியா ஏரிக்கித்தான போவுது. வாய்க்கால மூடிட்டா எங்க தெருவுக்குள்ளதான வரும். மழைக்கும் பட்டா வாங்கி வெச்சிருக்கீங்களா?"

பலராமனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

கழுத்தில் அடையாள அட்டை மாட்டியிருந்த கம்பெனித் தம்பி எழுந்து, மரியாதையாகத்தான் சொன்னான்: "அம்மா, பேனலுக்குக் கீழ புல் வளரும். ஆடு மேய்க்கலாம்."

"வேலி போட்டுட்டு ஆட்டுக்கு டிக்கெட்டு குடுப்பியா கண்ணு?"

"ஊருக்கு கரண்ட் வரும்மா."

"வரட்டும். யாரு வேணான்னா? வெயில நீ எடுத்துக்க. வழியும் தண்ணியும் எங்களுக்கு உட்டுடு."

அங்கேதான் பேச்சு திரும்பியது. வேண்டும் வேண்டாம் என்பது போய், எப்படி என்று கேட்க ஆரம்பித்தார்கள். அந்த ஊராட்சியில் நான் கேட்ட உருப்படியான விவாதம் அது ஒன்றுதான். வாய்க்காலையும் பாதையையும் வேலிக்கு வெளியே விடவேண்டும் என்றதற்குப் பலராமனே தலையாட்டினார். "ஏரி ரொம்பலன்னா என் கெணறும்தான் வத்தும்." வேலி வீடுகளைவிட்டுத் தள்ளிப் போகவேண்டும் என்றதற்கும், கிணற்றுப் பாசன நிலத்தைத் தொடக்கூடாது என்றதற்கும் நாற்காலியில் முணுமுணுப்பு எழுந்தாலும் அடங்கிவிட்டது. கடைசியாகத் தனபாக்கியம், "குத்தகக்காரங்கள கேக்காம, வெச்ச பயிரு எடுக்காம, நெலத்த கம்பெனிக்கு உடக்கூடாது" என்றார். அதற்குத்தான் நாற்காலிகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்தன. "எவளோ பயிர் வெச்சதுக்கு நான் கைகட்டி நிக்கணுமா?" என்று ஒருவர் கத்தினார். பலராமனும், "இது மட்டும் ஆவாது" என்றார்.

பற்றாளர் கை தூக்கச் சொன்னார். எண்ணவே தேவைப்படவில்லை. தார்ப்பாய்தானே எப்போதும் சபை.

பந்தலிலேயே, எல்லோர் கண் முன்னாலும் எழுதினேன். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக 'பெரும்பான்மையாக நிறைவேற்றப்பட்டது' என்று எழுதி, எதிர்த்தவர்கள் பெயரையும் போட்டேன். படித்துக் காட்டினேன். "இன்னொரு தபா" என்றார் தனபாக்கியம். மறுபடி படித்தேன். அதற்குப் பிறகுதான் எழுந்து வந்தார்கள். கடைசி வரிக்கு அடியில், ஒரு எறும்பு நுழைய இடம் விடாமல், முதல் கைநாட்டு விழுந்தது.

மறுநாள் பி.டி.ஓ. அறையில் டீ வந்தது. என் மருமகளுக்குக் குழந்தை பிறந்ததை விசாரித்தார். கண்ணாடி கழன்றது.

"பெரும்பான்மைன்னு எழுதியிருக்கீங்க. ஏகமனதாகன்னா படிக்க நல்லாயிருக்கும்ல?"

"ஏகமனசு இல்லியே சார்."

"மனசுல இருக்கறது நமக்கு எப்படித் தம்பி தெரியும்?" கண்ணாடியை வெளிச்சத்துக்குத் தூக்கினார். "நிபந்தனை போட ஊராட்சிக்கு அதிகாரம் இருக்கான்னே எனக்குத் தெரியல. உங்களுக்கு அழகான கையெழுத்து. வேற பக்கத்துல சுத்தமா எழுதிடலாம்ல?"

"எழுத்துல உத்தரவு குடுங்க சார், எழுதறேன்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நான் ஒண்ணும் சொல்லல தம்பி" என்றார்.

அந்த வாரமே கல்வராயன் மலையில் ஒரு ஊராட்சிக்கு எனக்கு மாறுதல் வந்தது. நிர்வாக நலன் கருதி. ஓய்வு பெறப்போகிறவனை மலையேற்றினால் நிர்வாகத்துக்கு என்ன நலனோ. மலைக்காரர்கள் என்னை நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள். நான் ஏன் வந்தேன் என்று கேட்டுவிட்டு ஒருவர், "கீழ அத்தினி வெயிலு இருக்குதே, அதுல கூட பங்குச் சண்டையா?" என்றார். ஒரு வளைவில் மட்டும்தான் போனுக்கு சிக்னல் வரும். அந்த வளைவில் நின்றுதான் தனபாக்கியத்தின் குரலைக் கேட்டேன்.

"நீங்க போனீங்க, அவங்க எழுதிக்கினாங்க."

எல்லோரும் மக்காச்சோளம் அறுக்கப் போயிருந்த ஒரு நாளில் சிறப்புக் கூட்டம் போட்டிருக்கிறார்கள். நிபந்தனை எதுவும் இல்லை. ஏகமனதாக. அந்தக் கையெழுத்துகள் எப்படிச் சேர்ந்தன என்று நான் பார்க்கவில்லை. பார்க்காததை எழுத மாட்டேன். ஆனால் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன் என்று சொல்கிற ஒரே ஒரு ஆளையாவது இன்றுவரை மேட்டுத்தெருவில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

புதுச்சேரிக்காரர் போனிலேயே நிலத்தை விடச் சொல்லிவிட்டார். மல்லாட்டை அப்போது பூ விட்டுக் காய் பிடித்துக்கொண்டிருந்தது. தனபாக்கியம் அறுவடைவரை பொறுக்கச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார். கம்பம் நடும் வண்டி பொறுக்கவில்லை. பால் பிடித்த பிஞ்சுக்காயோடு செடிகளைப் பிடுங்கி ஆட்டுக்குப் போட்டாராம். "ஆடு மேய்க்கலாம்னு சொன்னான் இல்ல அந்தப் பையன். மொத மேய்ச்சல் ஆயிடுச்சி" என்றார். அவர் சொன்னதை ரசித்தே பழகியவன் நான். அன்று ரசிக்க முடியவில்லை.

வாய்க்காலுக்குக் குறுக்கே கம்பம் நட வந்தபோதுதான் மேட்டுத்தெரு எழுந்தது. பெண்கள் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துகொண்டார்கள். முதல் தீர்மானத்தில் என்னிடம் இருந்த நகலை, அவர்கள் கேட்காமலே மலையிலிருந்து அனுப்பியிருந்தேன். யார் வந்து மிரட்டினாலும் அதை நீட்டி, "ஊரு சொன்னது இது" என்றார்கள். மத்தியானத்துக்கு மேல் பலராமன் வந்தார். சமாதானம் பேச வருகிறார் என்று கம்பெனிக்காரர்கள் நினைத்திருக்கிறார்கள். அவர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அடுத்த குழியில் உட்கார்ந்தார். அவருக்கு அவர் கிணற்றுக் கவலை. சாயங்காலம் வருவாய்த் துறையிலிருந்து ஆட்கள் வந்து, கம்பத்தைத் தள்ளி நடச் சொன்னார்கள். இன்றைக்கும் அந்த இடத்தில் வேலி வாய்க்காலுக்கும் பாதைக்கும் வழிவிட்டு வளைந்துதான் போகிறது. வீடுகளை உரசும் வேலி உரசியபடியே இருக்கிறது. தனபாக்கியத்தின் கொல்லை திரும்பி வரவில்லை.

இப்போது கண்ணாடிகளுக்கு அடியில் புல் அறுக்கக் கூலிக்குக் கூப்பிடுகிறார்கள். அவரும் போகிறார், வேறு என்ன செய்வது? "கேட்டுல பேரு எழுதிக் குடுத்துட்டு என் கொல்லைக்குள்ள போறேன்" என்றார் ஒருநாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சோலார் மேல் எனக்கு ஒரு விரோதமும் இல்லை, வீட்டு மொட்டைமாடியில் நானே ஒரு பலகை வைத்திருக்கிறேன். ஒரு செடி மல்லாட்டை முற்றும்வரை காத்திருக்க முடியாத அவசரம்மேல்தான் என் கோபம். ஒரு வார்த்தையும் சொல்லாமலே அத்தனையும் செய்து முடித்த, பி.டி.ஓ.வின் அந்தத் துடைத்த கண்ணாடிமேல்தான். அது ஆறவில்லை. ஆறவேண்டும் என்றும் எனக்கு ஆசையில்லை.

ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபின் நடந்த கிராம சபைக்குப் போனேன். நாற்காலி காட்டினார்கள். நான் தார்ப்பாயில் தனபாக்கியத்தின் வரிசையில் போய் உட்கார்ந்தேன். புதிய செயலர் நோட்டைத் திறந்து வைத்து, "சீக்கிரம் வந்து கையெழுத்துப் போட்டுட்டுக் கெளம்புங்கம்மா, வெயில் ஏறுது" என்றார்.

ஒருவரும் அசையவில்லை.

"வெயிலு இன்னா எங்களுக்குப் புதுசா?" என்றார் தனபாக்கியம். "மொதல்ல படிங்க."

செயலர் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு, பழைய ஆள், எடுத்துச் சொல்வார் என்ற நம்பிக்கையில் என்னைப் பார்த்துப் பேனாவை நீட்டினார்.

நானும் கையைக் கட்டிக்கொண்டேன்.